சிப் இல்லாத டைமர்

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8253 என்றொரு டைமர் சிப் இருந்தது. நொடிக்குச் சுமார் 11,93,182 துடிப்புகள் வீதம் ஓர் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, முடிந்ததும் பிராசஸருக்கு இன்டரப்ட் அனுப்புவதுதான் அதன் முக்கிய வேலை. அதன் வாரிசான 8254, கியூஎமு எமுலேட்டருக்குள் இன்று சி மொழி நிரலாக வாழ்கிறது. ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் கியூஎமு.

இப்படிப்பட்ட நிரலை ரிவ்யூ செய்பவருக்கு, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். சிப்பின் டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எமுலேட்டருக்குள் ஓடும் கெஸ்ட் இயங்குதளம் ஏடாகூடமாக எதை எழுதினாலும் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

எண்ணைக் குறைத்துவரும் கவுன்டரில் பூஜ்யத்தை எழுதினால் என்ன ஆகும்? அசல் சிப்பில் அதற்கு 65,536 என்று பொருள். நிரலாளர் அதை மறந்துவிட்டால் எங்கோ ஒரு வரியில் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து, விர்ச்சுவல் மெஷின் மொத்தமாக விழுந்துவிடும்.

இதைவிட நுட்பமானது பெருக்கல். எமுலேட்டர் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கெஸ்ட் கேட்கும்போது, கழிந்த நானோநொடிகளை 11,93,182ஆல் பெருக்கி, நூறு கோடியால் வகுத்து விடை சொல்கிறது. அந்தப் பெருக்கல் பலனைச் சாதாரண 64 பிட் எண்ணில் வைத்தால், ஏறக்குறைய நாலேகால் மணி நேரத்தில் அது நிரம்பி வழியும். சில நிமிடமே ஓடும் சோதனையில் இந்தப் பிழை அகப்படவே அகப்படாது. கண்ணால் படித்தால்தான் உண்டு. இதற்காகவே கியூஎமுவில், இடையில் வரும் பெரிய எண்ணுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கும் மல்டிவ்64 என்ற தனிச் செயற்கூறு இருக்கிறது.

பாதுகாப்பையே அசைத்த பிழையும் உண்டு. 8254இல் மூன்று கவுன்டர்கள், போர்ட்டுகளோ நான்கு. நான்காவது, கட்டளை எழுதுவதற்கு மட்டும். அதை ஒரு கெஸ்ட் படிக்கப் பார்த்தால்? பழைய நிரல் அதைத் தடுக்காமல், மூன்றே இடமுள்ள வரிசையில் நான்காவது இடத்தைத் தேடிப் போனது. கெஸ்டுக்குள் இருப்பவர், எமுலேட்டர் ஓடும் ஹோஸ்ட் கணினியிலேயே தன் நிரலை ஓட்ட இது வழிவிடலாம் என்று சிவிஇ-2015-3214 என்ற பாதுகாப்புக் குறைபாட்டுப் பதிவு எச்சரித்தது.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட உதவும், லினக்ஸ் கெர்னலின் கேவிஎம் பகுதியிலும் இதே ஓட்டை இருந்தது. அங்கே 2010இல் வந்த 2.6.33 பதிப்பிலேயே அடைத்துவிட்டார்கள். கியூஎமுவில் அது 2015இல் 2.3.1 பதிப்பு வரும்வரை திறந்தே கிடந்தது. ஒரு டைமரில் பிழை கண்டவர் அதன் சகோதர நிரல்களையும் தேடிப்போய்ப் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இத்தனைக்கும் தேவைப்பட்ட திருத்தம் மிகச் சிறியது: முகவரி 3 (அதாவது நான்காவது போர்ட்) என்றால் பூஜ்யத்தைத் திருப்பு.