மீன் தலை யாருக்கு?

“தலை வேணாம்ப்பா, வெட்டிப் போட்டுடு, துண்டு மட்டும் குடு” என்று சொல்லும் சகோதரிகளை இப்போதெல்லாம் செங்கல்பட்டு மார்க்கெட்டில் நிறையப் பார்க்கிறேன். மாமல்லபுரம் பக்கம் கரையிலேயே வாங்குகிறவர்களும் அப்படித்தான். தலைக்கும் சேர்த்துத்தானே எடை போட்டுக் காசு வாங்குகிறார்கள்! வயிறு எரிகிறது எனக்கு.

சீனாவில் இந்தக் கதை தலைகீழ். அங்கே தலைக்காகவே மீன் வாங்குகிறார்கள். விருந்தில் முழு மீனை வைத்தால், தலைப்பக்கம் முக்கிய விருந்தாளியைப் பார்த்து இருப்பதுதான் மரியாதை. அவர்கள் அதிகம் சமைப்பது பெருந்தலைக் கெண்டை. பேருக்கு ஏற்றபடி அதன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலைதான்.

நாம் ஊருக்கு ஒரு மீன் குழம்பு வைப்பதுபோல அவர்களுக்கும் வட்டாரத்துக்கு ஒரு பக்குவம். ஹூனானில் தலையை இரண்டாகப் பிளந்து விரித்து, உப்பில் ஊறிப் புளித்த சிவப்பு மிளகாயை நறுக்கி மேலே கொட்டி, ஆவியில் வேக வைப்பார்கள். தலை தீர்ந்ததும் மிஞ்சிய சாற்றில் நூடுல்ஸைப் பிரட்டிச் சாப்பிடுவார்கள். நாம் மீன் சட்டியில் சோறு போட்டுப் பிசைகிறோமே, அது மாதிரி! குவாங்டாங்கில் காரம் குறைவு. புளிக்க வைத்த கறுப்பு சோயாவோடு அவிப்பார்கள். ஜியாங்சுவில் மண் சட்டியில் பால் போல வெள்ளை சூப். அதே மாகாணத்து யாங்சோவில் எலும்பையெல்லாம் உருவி எடுத்துவிட்டே பரிமாறுவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாதம்மா!

சிங்கப்பூரில்தான் நம்ம கறியும் அவர்கள் ஆசையும் சேர்ந்தன. அங்கே 1949-ல் உணவகம் நடத்திய கேரளத்துக்காரர் கோமஸ், மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதை நம் மசாலாவில் போட்டுக் கறி வைத்தார். பிறகு சீனச் சமையல்காரர்கள் தலையை முதலில் ஆவியில் வைத்து, காரத்தைக் குறைத்துத் தங்கள் பாணியில் செய்தார்கள். இன்று பெரிய சங்கரா தலை, வெண்டைக்காய், கத்தரிக்காய், புளி எல்லாம் சேர்ந்து அந்த ஊர் அடையாளமாகவே ஆகிவிட்டது. சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி மகள் அதன் பெருமையைச் சொல்லி மாளாது.

எங்கள் வீட்டில் மாமியார் காலத்தில் ஒரு சட்டம். தலை மாமனாருக்கு, நடுத்துண்டு ஆண்பிள்ளைகளுக்கு, சமைத்தவளுக்கு வாலும் குழம்பும். தலையில் என்ன ருசி என்பதே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சீனர்கள் தலையை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று சித்தி மகள் சொன்னதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் சட்டி நடுவில்தான். கன்னத்துச் சதையை முதலில் எடுப்பது என் மகள். அவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்!

சீனத்துப் பெருந்தலைக் கெண்டைக்கு நம்மிடம் நெருங்கிய ஜோடி கட்லா. 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தது எல்லாருக்கும் தெரியும். 1959-லேயே சீன வகையான வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் வளர்ப்புக்காக நம் நாட்டுக்கு வந்துவிட்டன! வெள்ளிக்கெண்டைத் தலையும் இந்த சூப்புக்கு ஏற்றதுதான்.

நான் செய்கிற வெள்ளை சூப் இது. முக்கால் கிலோ கட்லா தலையைப் பிளந்து, செவுளை மிச்சமில்லாமல் எடுத்து, உப்புத் தேய்த்துக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். இரும்புச் சட்டியில் 2 மேஜைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் இஞ்சித் துண்டுகளோடு இரு பக்கமும் சிவக்க விடுங்கள். பிறகு 5 டம்ளர் தண்ணீர். அது தளதளவென்று கொதிக்கிற தண்ணீராக இருக்கணும், தீயும் பெரிதாக எரியணும். 20 நிமிஷத்தில் பால் நிறம் வந்துவிடும். இதைச் சுண்ணாம்புச் சத்து இறங்கிய நிறம் என்பார்கள், அப்படியல்ல. தலையிலுள்ள கொழுப்பு கொதியில் பொடித் துளிகளாக உடைந்து, தோலும் எலும்பும் விடும் பசையோடு கலந்து நிற்பதுதான் அந்த வெள்ளை. கடைசியில் சோயா பனீர், மிளகுத்தூள், உப்பு, வெங்காயத்தாள் போட்டு இறக்குங்கள். மஞ்சள்தூள் வேண்டாம், நிறம் கெட்டுவிடும்.

தலை வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்கணும். கண் புடைத்துப் பளிச்சென்றிருக்கணும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஹூனான் உப்பு மிளகாய் ஆகாது, வெள்ளை சூப்பே நல்லது. கர்ப்பிணிகள் சுறா மாதிரிப் பெரிய கடல் மீன்களைத் தவிர்க்கணும், அவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பை விரலால் தடவிப் பார்த்த பிறகே ஊட்டுங்கள். முழுக் கெண்டை வாங்கினால் பித்தப்பையை உடையாமல் எடுத்து எறிந்துவிடுங்கள். மருந்தென்று அதைப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு.