லீவு முடிந்து வளைகுடா கிளம்புகிறாரா? முதல் வாரம் உஷார்!

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்திலிருந்து துபாய், கத்தார், குவைத் என்று பிழைக்கப் போனவர் இருக்கிற வீடா உங்களுடையது? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

அங்கே அவருடைய அன்றாட வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும். ஒரே அறையில் பல பேர், முறை வைத்துச் சமையல். வாரத்தில் ஒருநாள் லீவு. அது துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாப் போயிடும். போனில் கேட்டால் மட்டும், 'நல்லா இருக்கேன்' என்று ஒரே பதில்!

லீவில் ஊருக்கு வருகிறார். கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகளோடு கல்வராயன் மலைக்கு ஒரு நடை, மேகம் அருவியில் ஒரு குளியல்... இரண்டு மாதம் பறந்துவிடும். ஜூன் மாதம் ஊறுகாய், பருப்புப் பொடியோடு பெட்டி கட்டிக் கொடுக்கிறீர்கள். 'பத்து வருஷமா பழகின வெயில்தானே, அவருக்கென்ன?' என்றும் நினைக்கிறீர்கள். ஆபத்தே அந்த நினைப்பில்தான்!

உடம்புக்கும் மறதி உண்டு

வெயிலில் உழைக்க உடம்பு பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே சுரக்கும். அதில் உப்பு குறைவாக வெளியேறும். இதயம் நிதானமாகத் துடிக்கும். வெயில் வேலையை விட்டு ஒரு வாரமானாலே இந்தப் பழக்கம் குறைய ஆரம்பிக்கும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போயே போச்சு!

'எங்க ஊர் மே மாச வெயில் மட்டும் குறைச்சலா?' என்று கேட்பீர்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் அது கணக்கில் வராது. சூட்டில் உழைத்தால்தான் பழக்கம் நிற்கும்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் கணக்கைப் பாருங்கள்: வேலையிடத்தில் வெப்பத்தால் ஏற்படும் மரணங்களில் ஏறக்குறைய பாதி, முதல் நாள் வேலையிலேயே நடக்கின்றன. 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள்!

என்ன செய்யணும்?

லீவு முடிந்து திரும்புகிற அனுபவசாலி, முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் பாதிதான் செய்யணும். இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழு வேலை. முதன்முதலாகப் போகிற பையன் என்றால் 20 சதவீதத்தில் ஆரம்பித்து, தினம் 20 கூட்டணும். சூப்பர்வைசரிடம் இதைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சட்டமும் துணைக்கு உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் 2021 முதல், ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் 3.30 வரை.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கணும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. டிகாக்ஷன் நிறத்துக்கு மாறினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பி.பி.க்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், கிளம்புமுன்பே டாக்டரிடம் ஆலோசனை கேட்பது அவசியம்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போகணும். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்! ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறணும். மயங்கியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றவே கூடாது.

உங்கள் பங்கு

முடிந்தால், ஜூன், ஜூலை, ஆகஸ்டில் திரும்பாதபடி லீவைத் திட்டமிடச் சொல்லுங்கள். முடியாவிட்டால், அவர் போய் இறங்கிய முதல் வாரம் தினமும் போன் போடுங்கள். 'சாப்பிட்டீங்களா?' என்பதோடு நிறுத்தாமல், 'இன்னைக்கு எத்தனை மணி நேரம் வெயில்ல நின்னீங்க? யூரின் என்ன நிறத்துல போகுது?' என்றும் கேளுங்கள். 'நல்லா இருக்கேன்' என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது!