வீட்டு மின்சாரமும் விதிகளும்

மின்சாரம் நமக்கு வாய்த்த நல்ல ஏவலாள் ஆகும். அஃது இரவில் விளக்கேற்றுகிறது, கோடையில் காற்று வீசுகிறது, மாவரைக்கிறது, நீர் இறைக்கிறது. எனினும், அளவறிந்து ஆளாவிடின் அது வீட்டை எரிக்கும், உயிரையும் பறிக்கும். ஆதலின், வீடுகளில் மின்கம்பிகளையும் சாக்கெட்டுகளையும் அமைப்பதற்கு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நம் நாட்டில் இவை தேசிய மின் விதித்தொகுப்பாக 1985 ஆம் ஆண்டில் வெளிவந்தன. பின்னர்த் திருத்தமும் பெற்றன. இவ்விதிகள் எதற்காக எழுந்தன என்பதை அறிந்தவரே அவற்றை மனமுவந்து போற்றுவர்.

நம் வீடுகளுக்கு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தத்தில் வருகிறது. சுவரில் உள்ள சாக்கெட்டுகள் இருவகைப்படும். சிறியது 6 ஆம்பியர் மின்னோட்டத்திற்கும், பெரியது 16 ஆம்பியர் மின்னோட்டத்திற்கும் உரியன. வானொலிப் பெட்டிக்கும் மேசை விசிறிக்கும் சிறியதே போதும். வெந்நீர் காய்ச்சும் 2,000 வாட் கருவியோ ஏறத்தாழ 8.7 ஆம்பியரை ஈர்க்கும். அதனைச் சிறிய சாக்கெட்டில் பொருத்துதல் தகாது. ஏன்? கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும் என்னும் உண்மையை ஜூல் என்ற ஆங்கில அறிஞர் 1841 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். சுவருக்குள் மறைந்திருக்கும் மெல்லிய கம்பி இவ்வாறு சூடேறினால், அதன் மேலுறை உருகித் தீப்பற்றக் கூடும். அதனால்தான் பெரிய சாக்கெட்டுக்குத் தடித்த கம்பியைத் தனியே இழுத்தல் வேண்டும் என்பர். ஒரே சாக்கெட்டில் பல கருவிகளைக் கூட்டி மாட்டுதல் தவறு என்பதும் இக்காரணம் பற்றியே.

மின்னோட்டம் அளவு மீறும்போது, பியூஸ் கம்பி தான் உருகி, ஓட்டத்தை நிறுத்தி, வீட்டைக் காக்கிறது. இக்காலத்தில் தாமே விழும் சுவிட்சுகளும் இப்பணியைச் செய்கின்றன. பியூஸ் அடிக்கடி போகிறதே என்று சலித்து, அதனிடத்தில் தடித்த கம்பியைக் கட்டுவோர் உளர். அது, குரைத்துத் துயிலெழுப்பும் காவல் நாயைக் கொன்றுவிட்டு உறங்கச் செல்வதை ஒக்கும்.

சாக்கெட்டின் மேற்புறத்தே உள்ள பெரிய துளை எதற்கு? அஃது எர்த் கம்பியோடும், அதன் வழியே நிலத்தோடும் இணைந்தது. சலவைப் பெட்டியின் உள்ளே மின்கம்பி நைந்து உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் எர்த் கம்பியின் வழியே பெருகிப் பாயும், பியூஸ் உருகிவிடும். அக்கம்பி இல்லையெனில், பெட்டியைத் தொடும் மனிதனின் உடலே மின்சாரத்திற்கு வழியாகும். பிளக்கின் மூன்றாவது முனை மற்ற இரண்டினும் நீண்டிருப்பதும் கருதிச் செய்ததே. செருகும்போது அது முதலில் சேர்கிறது. கழற்றும்போது இறுதியில் பிரிகிறது.

ஆயினும், பியூஸ் கம்பியைக் காக்குமேயன்றி, மின்கம்பியைத் தொட்டுவிட்ட மனிதனைக் காவாது. அஃது உருகப் பல ஆம்பியர் வேண்டும். மனித உயிரைப் போக்க ஓர் ஆம்பியரில் பத்திலொரு பங்கே போதும். ஆகவே, மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் கருவியும் இன்று வீடுகளில் பொருத்தப்படுகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தை நிறுத்திவிடும்.

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் மூன்றாவது முனை ஒடிந்த பிளக் இருப்பின், இன்றே மாற்றச் சொல்லுங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். கம்பி வேலையைத் தேர்ச்சி பெற்ற மின்பணியாளரிடமே ஒப்புவிக்கச் செய்யுங்கள். விதிகளைக் காப்பவர் இல்லத்தை அவ்விதிகள் காக்கும்.