பழைய டனல் டென்ட் பனிக்குத் தாங்குமா? வாங்கும் முன் தொட்டுப் பாருங்க!

நார்வே, ஸ்வீடன் மலைகளில் பனிச்சறுக்குப் பயணம் போகிறவர்கள் பலரும் நம்புவது குகை வடிவ டனல் டென்ட்டைத்தான். புதுசு வாங்கினால் விலை கையைக் கடிக்கும் என்பதால் பழையதைத் தேடுகிறார்கள்.

முதலில் துணியைப் பாருங்கள். உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டி, புளித்த வாடை அடித்தால் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்துவிட்டது என்று அர்த்தம். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். இருபுறமும் சிலிக்கான் பூசிய துணியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நெடுநாள் வெயில் பட்ட நைலான் எதுவானாலும் இற்றுப்போகும்.

மற்றதைச் சரிசெய்துவிடலாம். அலுமினியக் கம்பிக்குள் தளர்ந்த எலாஸ்டிக்கை மாற்றலாம். ஜிப் சரியாக மூடவில்லையா? பெரும்பாலும் ஸ்லைடர் மாற்றினாலே போதும். சிலிக்கான் துணியின் தையலுக்குச் சிலிக்கான் பசைதான், வேற எதுவும் சரியா ஒட்டாது.

இழுத்துக் கட்டும் கயிறுகளையும் புதுசாக்கிடுங்க. டனல் டென்ட் தானாக நிற்காது, முனைக்கட்டு அவிழ்ந்தால் படுத்துவிடும். சாதாரண முளை பனியில் பிடிக்காது என்பதால், சறுக்கு மட்டைகளையே ஊன்றிக் கட்டுகிறார்கள்.