எரிச்சல் குடல் நோய்க்குறியும் உணவு முறையும்

எரிச்சல் குடல் நோய்க்குறி (ஐ.பி.எஸ்.) என்பது, குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலேயே அதன் இயக்கமும் உணர்திறனும் மாறுவதால் ஏற்படும் நீண்டகாலத் தொல்லை ஆகும். அடிக்கடி வரும் வயிற்று வலி, உப்புசம், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

உணவின் பங்கு

சிலவகை மாவுச்சத்துகளையும் சர்க்கரைகளையும் சிறுகுடல் முழுமையாக உறிஞ்சுவதில்லை. அவை நீரை ஈர்த்துக்கொண்டு பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. இது எல்லோருக்கும் நிகழ்வதே. ஆனால் உணர்திறன் மிகுந்த குடலில் இதுவே வலியாகிறது. இவ்வகைப் பொருள்களுக்கு 2005-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஃபாட்மேப்' என்று பெயரிட்டனர்.

நம் சமையலில்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல் முக்கியப் பயிர். இந்நோய்க்கு அரிசிச் சோறு பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது சிலருக்கு உப்புசத்தைக் கூட்டலாம்.

- தொல்லை தரக்கூடியவை: வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு மற்றும் பயறு வகைகள், பால், மாம்பழம்.
- பொதுவாக ஏற்றவை: அரிசி, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், பப்பாளி, ஆரஞ்சு, முட்டை, மீன்.

பூண்டில் உள்ள ஃபிரக்டான் நீரில் கரையும்; எண்ணெயில் கரையாது. ஆகவே சாம்பாரில் வெந்த பூண்டை எடுத்துப் போடுவதால் பயனில்லை. எண்ணெயில் வதக்கி, பிறகு பூண்டை எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும். பருப்பை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் தொல்லை ஓரளவு குறையும்.

மூன்று கட்டங்கள்

1. குறைத்தல்: மேற்கண்ட உணவுகளை 2 முதல் 6 வாரங்கள் வரை தவிர்க்க வேண்டும்.
2. சோதித்தல்: ஒரு நேரத்தில் ஒரே உணவை, மூன்று நாள்கள் சிறிது சிறிதாகக் கூட்டிச் சாப்பிட்டு, விளைவை ஒரு நோட்டில் குறிக்க வேண்டும்.
3. நிலைப்படுத்தல்: ஒத்துக்கொள்ளாதவற்றை மட்டும் குறைத்துக்கொண்டு, மற்றவற்றை மீண்டும் உண்ண வேண்டும்.

இது ஆயுள் முழுதும் காக்கும் பத்தியம் அன்று. பலர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றனர். பருப்பையும் பாலையும் நெடுநாள் ஒதுக்கினால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையும். குடலின் நல்ல பாக்டீரியாக்களும் குறையும். ஆறு வாரங்களில் பலன் தெரியாவிட்டால் பழைய உணவுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதற்கு முன்பே எளிய மாற்றங்களைச் செய்து பார்க்கலாம்: நேரத்திற்குச் சாப்பிடுதல், காரத்தையும் எண்ணெய்ப் பலகாரங்களையும் குறைத்தல், காபி, தேநீரை நாளுக்கு மூன்று கோப்பைக்குள் நிறுத்துதல். இசப்கோல் மலச்சிக்கலுக்கு உதவும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் அறிகுறிகள் ஆகியவற்றை 'வெறும் வாயு' என்று விட்டுவிடக் கூடாது. இவை வேறு நோயின் அடையாளமாக இருக்கலாம். முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். மேல் பரிசோதனைக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் குடல்நோய்ப் பிரிவு உள்ளது. நீரிழிவு நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உணவு முறையைத் தொடங்கக் கூடாது.