குழல் நுனியில் ஒரு மில்லிமீட்டர்

கடையநல்லூர்ப் பக்கத்துத் தோப்புகளில் ரப்பர் குழாயால் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் நுனியைக் கட்டைவிரலால் சற்று அழுத்தினால் போதும். காலடியில் கொட்டிய நீர் தூரத்துத் தென்னையின் தூரைப் போய்ச் சேரும். ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கியிலும் குழலின் நுனி இப்படிச் சற்றுக் குறுகியிருப்பது உண்டு. இதற்குச் சோக் என்று பெயர்.

ரவைத் துப்பாக்கியின் தோட்டாவில் ஒரே குண்டு இராது. நூற்றுக்கணக்கான சிறு ஈய ரவைகள் இருக்கும். குழலை விட்டு வெளியேறியதும் அவை சிதறத் தொடங்குகின்றன. 12 போர் துப்பாக்கியின் குழல் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். முழுச் சோக் அதை நுனியில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே குறைக்கிறது. அந்தக் குறுகலில் நுழையும்போது ஓரத்து ரவைகள் உட்புறமாகச் சிறிது தள்ளப்படுகின்றன. அதனால் சிதறல் தாமதமாகிறது. (குழாய் உவமை இங்கே பாதிதான் பொருந்தும். நீரின் வேகம் கூடுகிறது. ரவையின் வேகம் அப்படிக் கூடுவதில்லை.)

40 கஜத்துக்கு அப்பால் ஒரு பெரிய தாளை நிறுத்திச் சுட்டு, 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் விழுந்த ரவைகளை எண்ணுவார்கள். சோக் இல்லாவிட்டால் நூற்றுக்குச் சுமார் 40. முழுச் சோக்கில் சுமார் 70.

அப்படியானால் எப்போதும் முழுச் சோக்கையே வைத்துக்கொண்டால் என்ன? வீச்சு வலையை நினைத்துப் பாருங்கள். அகல விரிந்தால் மீன் வலைக்குள் அகப்படும். ஆனால் கண்கள் பெரிதானால் நழுவிவிடும். முழுச் சோக்கில் கிட்டத்தில் சுட்டால் ரவைகள் ஒரு சிறு கொத்தாகவே போகும். குறி கொஞ்சம் பிசகினாலும் அத்தனையும் வீண். தூரத்தில் சோக் இல்லாமல் சுட்டாலோ, ரவைகளின் இடைவெளியில் இலக்கு தப்பிவிடும்.

ட்ராப் போட்டியில் இது நன்றாக விளங்கும். 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், ட்ராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் ஒருவர் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான். 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு ஒன்று, 15 மீட்டர் முன்னாலுள்ள பள்ளத்திலிருந்து எந்தத் திசையில் என்று சொல்லாமல் பாய்ந்து விலகிப் போகும். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். முதல் குறி தவறினால், இரண்டாவது சுடும்போது தட்டு இன்னும் தொலைவில் இருக்கும் அல்லவா? ஆகவே மேலும் கீழுமாக அமைந்த இரண்டு குழல்களில், இரண்டாவதாகச் சுடும் குழலுக்குப் பலர் கூடுதல் இறுக்கமான சோக்கைத் தேர்ந்தெடுப்பார்கள். மொத்தம் 125 தட்டுகள். ஒன்று தப்பினாலும் இறுதிச் சுற்று கைநழுவக்கூடும்.

ஸ்கீட் என்ற மற்றொரு போட்டியில் தட்டுகள் மிக அருகில் குறுக்காகப் பறக்கும். அங்கே சோக் அநேகமாக இல்லாத குழலையே விரும்புவார்கள்.