சத்தத்தை சத்தத்தால் அடக்கும் ஹெட்போன்!

தனியாக ஆம்பிளிபயர் வேண்டுமா? பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

1978-ம் ஆண்டு.

சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள ஜூரிச் நகரில் இருந்து அமெரிக்காவுக்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதில் ஒரு பேராசிரியர் பயணம் செய்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பாட்டு என்றால் அவருக்கு உயிர்.

பயணிகள் பாட்டு கேட்பதற்காக விமானத்தில் ஹெட்போன் கொடுத்தார்கள். அவர் ஆசையோடு வாங்கி காதில் மாட்டினார். ஆனால் என்ன பயன்? விமான என்ஜினின் இரைச்சல், பாட்டை விழுங்கிவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால், ஹெட்போனை கழற்றி வைத்துவிட்டு தூங்கி இருப்பார். இவர் தூங்கவில்லை. "இந்த இரைச்சலை மட்டும் அழித்துவிட்டு, பாட்டை மட்டும் காதுக்குள் அனுப்ப முடியாதா?" என்று யோசித்தார். கணக்கு போட ஆரம்பித்தார். விமானம் பாஸ்டன் நகரில் இறங்குவதற்குள், "முடியும்" என்று கணக்கு சொல்லிவிட்டது.

அந்த பேராசிரியரின் பெயர் அமர் போஸ். இன்று உலகம் எங்கும் விற்பனை ஆகும் "இரைச்சல் அடக்கும் ஹெட்போன்" கடைக்கு வந்ததில் அவருக்கு பெரும் பங்கு உண்டு.

ரேடியோ பழுது பார்த்த சிறுவன்

"போஸ்" என்ற பெயரைப் பார்த்ததும், "நம் நாட்டுக்காரரா?" என்று கேட்பீர்கள். பாதி சரி!

அவருடைய தந்தை வங்காளத்துக்காரர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்ததால் சிறை சென்றவர். பிறகு தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே ஓர் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். 1929-ம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அமர் போஸ் பிறந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. வெளிநாட்டு சாமான்களை இறக்குமதி செய்து விற்றுவந்த தந்தையின் வியாபாரம் படுத்துவிட்டது. குடும்பத்தில் பணக் கஷ்டம். அப்போது சிறுவன் அமர், "அப்பா! நான் ரேடியோ பழுது பார்க்கிறேன்" என்று முன்வந்தான். தந்தை சாமான் போடும் கடைகளில் எல்லாம், "இங்கே ரேடியோ பழுது பார்க்கப்படும்" என்று அறிவிப்பு வைத்தார்கள். வேலை குவிந்தது. குடும்பத்துக்கு அது கை கொடுத்தது.

அந்த சிறுவன்தான் பிற்காலத்தில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் பேராசிரியர் ஆனார். 1964-ம் ஆண்டு தன் பெயரிலேயே ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

ஊஞ்சலை நிறுத்துவது எப்படி?

சத்தத்தை சத்தத்தால் எப்படி அடக்க முடியும்? இரண்டு சத்தம் சேர்ந்தால் பெரிய சத்தம்தானே வரும்?

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். குழந்தை ஆடுகிறது. ஊஞ்சல் போகும் திசையிலேயே நீங்கள் தள்ளினால், ஆட்டம் அதிகம் ஆகும். ஊஞ்சல் உங்களை நோக்கி வரும்போது, அதே பலத்தோடு எதிர்த்துத் தள்ளினால்? ஊஞ்சல் நின்றுவிடும்.

ஒலியும் இப்படித்தான். ஒலி என்பது காற்றின் ஆட்டம். காற்று முன்னே தள்ளப்படுகிறது, பின்னே இழுக்கப்படுகிறது. என்ஜின் சத்தம் காற்றை முன்னே தள்ளும் அதே கணத்தில், இன்னொரு ஒலி காற்றைப் பின்னே இழுத்தால், ஒன்றை ஒன்று அழித்துவிடும். காதுக்கு அமைதி!

ஹெட்போனில் குட்டி மைக்குகள் இருக்கின்றன. அவை வெளி இரைச்சலைக் கேட்கின்றன. உள்ளே இருக்கும் மின்சாரச் சுற்று, அந்த இரைச்சலுக்கு நேர் எதிரான ஒலியை உண்டாக்குகிறது. காதுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு ஸ்பீக்கர் அதை ஒலிக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் பல ஆயிரம் முறை இந்த வேலை நடக்கிறது.

இந்த எண்ணம் அமர் போசுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியது. அவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக். 1933-ம் ஆண்டு தன் நாட்டில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1936-ம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆனால் அது வால்வு ரேடியோ காலம். காதில் மாட்டும் அளவுக்கு சிறிய கருவி செய்ய அன்று வழி இல்லை.

உலகைச் சுற்றிய சோதனை

அமர் போசின் கம்பெனி பல ஆண்டுகள் பாடுபட்டது. 1986-ம் ஆண்டு டிசம்பரில் டிக் ருட்டான், ஜீனா யேகர் என்ற இருவர், "வாயேஜர்" என்ற விமானத்தில் உலகைச் சுற்றினார்கள். வழியில் எங்கும் இறங்கவில்லை. எண்ணெயும் நிரப்பவில்லை. ஒன்பது நாள் பயணம்! ஒன்பது நாளும் என்ஜின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் காது என்ன ஆகும்? அவர்களுடைய காதைக் காப்பாற்ற, சோதனையில் இருந்த இந்த புது ஹெட்போன்களைக் கொடுத்து அனுப்பினார்கள்.

1989-ம் ஆண்டு விமானிகளுக்கான ஹெட்போன் விற்பனைக்கு வந்தது. 2000-ம் ஆண்டில் சாதாரண மக்களும் வாங்கும்படி வந்தது. இன்று பல கம்பெனிகள் போட்டி போட்டு செய்கின்றன.

எல்லா சத்தமும் அடங்குமா?

அடங்காது. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

விமானம், ரெயில், பஸ், ஏ.சி. எந்திரம் ஆகியவற்றின் "உம்ம்..." என்ற ஒரே மாதிரியான தாழ்ந்த இரைச்சலை இது நன்றாக அடக்கும். அடுத்த கணம் அந்த சத்தம் எப்படி இருக்கும் என்பது கருவிக்குத் தெரிந்துவிடுகிறது.

குழந்தையின் வீறிடல், கதவு அறையும் சத்தம், பக்கத்து சீட்டுக்காரரின் பேச்சு ஆகியவை அப்படி அல்ல. அவை கணத்துக்குக் கணம் மாறும். கீச்சென்ற ஒலியின் அலை மிகவும் சிறியது. கொஞ்சம் பிந்தினாலும் எதிர் ஒலி பொருந்தாமல் போய்விடும். அந்த மாதிரி சத்தத்தைத் தடுப்பது, காதைச் சுற்றி மூடும் மெத்தைதான். ஆகவே, மெத்தை காதோடு நன்றாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

உள்ளேயே இருக்கிறது ஆம்பிளிபயர்

இப்போது பண விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் மகனுக்கு இப்படி ஒரு ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். "இதோடு தனியாக ஓர் ஆம்பிளிபயரும் வாங்கினால் சத்தம் பிரமாதமாக இருக்கும்" என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம்!

ஆம்பிளிபயர் என்றால் என்ன? கோவில் திருவிழாவில் மைக்செட்காரர் வைத்திருக்கும் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? மைக்கில் இருந்து வரும் மின்சாரம் மிகவும் பலவீனமானது. அது நேராக ஒலிபெருக்கிக் குழாய்க்குப் போனால் சத்தம் வராது. நடுவில் இருக்கும் பெட்டி அதற்கு பலம் கொடுக்கிறது. அதுதான் ஆம்பிளிபயர்.

இரைச்சல் அடக்கும் ஹெட்போனுக்கு உள்ளேயே இந்தப் பெட்டி குட்டியாக இருக்கிறது. எதிர் ஒலியை உண்டாக்கி ஒலிக்க வேண்டுமே! ஆம்பிளிபயர் இல்லாமல் அந்த வேலை நடக்காது. இதற்காகத்தான் அதில் பேட்டரி வைத்திருக்கிறார்கள்.

புளூடூத் மூலம் கம்பி இல்லாமல் கேட்டால், பாட்டு வெறும் எண்களாகத்தான் ஹெட்போனுக்கு வருகிறது. அதை ஒலியாக மாற்றுவதும், பலம் கொடுப்பதும் ஹெட்போனுக்கு உள்ளேயே நடக்கின்றன. வெளி ஆம்பிளிபயரை எங்கே செருகுவது? இடமே இல்லை.

கம்பி போட்டுக் கேட்டாலும், சுவிட்ச் போட்டிருக்கும்போது பாட்டு உள் ஆம்பிளிபயர் வழியாகத்தான் போகும். வெளியில் இன்னொன்றை வைத்து பலமாகத் தள்ளினால் கரகரப்புதான் மிஞ்சும். ஏற்கனவே உப்பு போட்ட குழம்பில் இன்னும் ஒரு கை உப்பு அள்ளிப் போட்ட கதைதான்!

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். "பேட்டரி தீர்ந்த பிறகு கம்பி போட்டால் பாடுமா?" சில பாடும், ஆனால் சத்தமும் சுவையும் மாறிவிடும். சில பாடவே பாடாது.

சாதாரண கம்பி ஹெட்போன் என்றால்?

பேட்டரி இல்லாத சாதாரண ஹெட்போனில் ஆம்பிளிபயர் கிடையாது. போனில் இருந்து வரும் பலம்தான் அதற்கு ஆகாரம். இங்கே கவனித்து வாங்க வேண்டும். பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும்.

முதல் எண் "ஓம்". இது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை. 16 முதல் 32 ஓம் வரை இருப்பவை போனுக்கு ஏற்றவை. 250, 300, 600 ஓம் என்று இருப்பவை ஒலிப்பதிவுக் கூடத்தில் பயன்படுபவை.

ஒரு சிறு கணக்கு: போன் 1 வோல்ட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 32 ஓம் ஹெட்போனுக்கு சுமார் 31 மில்லிவாட் சக்தி கிடைக்கும். 300 ஓம் ஹெட்போனுக்கோ சுமார் 3 மில்லிவாட்தான்! பத்தில் ஒரு பங்கு.

இரண்டாவது எண் "டெசிபல்". ஒரு மில்லிவாட் சக்தி கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்வது. 100 அல்லது அதற்கு மேல் இருந்தால், போனிலேயே தாராளமாகப் பாடும். சில கம்பெனிகள் "ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு" என்று போடுகின்றன. இரண்டும் வேறு வேறு அளவு. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

ஓம் குறைவு என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஓம் குறைவாக இருந்தும், டெசிபல் 85 போல இருந்தால், அது பெருந்தீனிக்காரன்! அதற்கு ஆம்பிளிபயர் வேண்டும்.

இப்போது பல போன்களில் ஹெட்போன் செருகும் துளையே இல்லை. அதற்கு ஒரு சிறு இணைப்புக் கம்பி விற்கிறார்கள். அந்த வகைக் கம்பிகள் பலவற்றின் முனைக்குள்ளேயே ஒரு குட்டி ஆம்பிளிபயர் இருக்கிறது. 32 ஓம் ஹெட்போனுக்கு அதுவே போதும்.

போன காது திரும்பாது

"நல்ல சத்தம் வர வேண்டும்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு சத்தம் காதுக்கு நல்லது என்று யாரும் கேட்பது இல்லை.

நம் ஒவ்வொரு காதுக்கு உள்ளேயும் சுமார் 15 ஆயிரம் மயிரிழை செல்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்குச் சொல்பவை அவைதான். பெரும் சத்தத்தில் அவை சாகின்றன. செத்தால் மறுபடி முளைப்பது இல்லை.

80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்து 20 நிமிடம்தான்! சிறு பிள்ளைகளுக்கு 75 டெசிபலைத் தாண்டக்கூடாது.

பஸ்சில் போகிறவர் என்ன செய்கிறார்? இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். காதுக்குள் இரைச்சலும் போகிறது. அதை விடப் பெரிய பாட்டும் போகிறது. இரைச்சல் அடக்கும் ஹெட்போனின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. இரைச்சல் குறைந்தால், பாட்டை மெதுவாக வைத்தாலே போதும். ஆனால் அதை மாட்டிக்கொண்டும் முழு சத்தம் வைத்தால், வாங்கியும் பயன் இல்லை.

வாங்கும்போது கவனியுங்கள்

* இரைச்சல் அடக்கும் ஹெட்போனுக்குத் தனி ஆம்பிளிபயர் வாங்காதீர்கள். அந்தப் பணம் மிச்சம்.

* கம்பி ஹெட்போன் என்றால் 32 ஓமுக்குள், 100 டெசிபலுக்கு மேல் பார்த்து வாங்குங்கள்.

* காதில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மெத்தை அழுத்தக்கூடாது, இடைவெளியும் இருக்கக்கூடாது.

* போனில் சத்தத்தை 60 சதவிகிதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

* ரோட்டைக் கடக்கும்போதும், ரெயில் பாதை ஓரத்திலும் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். வண்டியின் உறுமலும் ஓர் இரைச்சல்தான். கருவி அதையும் அடக்கிவிடும்!

அமர் போஸ் 2013-ம் ஆண்டு காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தன் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை, தான் படித்து, பாடம் நடத்திய எம்.ஐ.டி.க்கே கொடுத்துவிட்டார்.

அன்று விமானத்தில் அவர், "சத்தத்தை எப்படிக் கூட்டுவது?" என்று யோசிக்கவில்லை. "இரைச்சலை எப்படிக் குறைப்பது?" என்றுதான் யோசித்தார். ஹெட்போன் வாங்கப்போகும் உங்கள் பிள்ளைக்கும் அதையே சொல்லிக் கொடுங்கள்.